பள்ளிக்குள் போலீஸ்: மாணவர் மீது கை வைக்க எப்போது உரிமை உண்டு?

2015 அக்டோபர் 26. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம், ரிச்லாண்ட் கவுன்டி, ஸ்பிரிங் வேலி உயர்நிலைப் பள்ளி. கணக்கு வகுப்பில் ஒரு மாணவி செல்போனை எடுத்துவிட்டாள். ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியே போகச் சொன்னார். அவள் எழவில்லை. நிர்வாகி வந்து சொன்னார். அப்போதும் எழவில்லை. அடுத்து வந்தவர் அந்தப் பள்ளியில் பணியிலிருந்த டெபுட்டி, அதாவது கவுன்டியின் போலீஸான ஷெரிஃப் துறையின் காவலர். சில நொடிகளில் அவளை நாற்காலியோடு பின்பக்கமாகக் கவிழ்த்து, தரையில் இழுத்து வீசினார். வகுப்பிலிருந்த மற்ற பிள்ளைகள் எடுத்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. இரண்டே நாளில் அவருக்கு வேலை போனது. அந்த மாணவியும், நடந்ததைக் கண்டு குரல் கொடுத்த இன்னொரு மாணவியும் கைதானார்கள்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி நொடிகளையே அலசுகிறார்கள். பிடித்த பிடி சரியா, பலம் அதிகமா என்று. கேட்க வேண்டிய கேள்வி அதற்கு ஐந்து நிமிடம் முன்பே இருக்கிறது: செல்போனுக்காகப் போலீஸை அழைத்தது யார், எந்த அதிகாரத்தில் அழைத்தார்? அமெரிக்கச் சட்டத்தில் இந்த விஷயம் முழுவதும் ஒரு கோட்டின் மேல் நிற்கிறது. ஒரு பக்கம் பள்ளி விதி, மறுபக்கம் குற்றம். போலீஸின் வேலை இரண்டாவது பக்கத்தில்தான். முதல் பக்கத்துக்கு அவரை இழுத்துவந்தால் எல்லாம் கோணலாகத் தொடங்குகிறது.

யார் இந்த அதிகாரி?

அமெரிக்கப் பள்ளி வாசலில் சீருடையில் நிற்பவர் மூன்று வகைகளில் ஒருவராக இருக்கலாம். நகரப் போலீஸோ கவுன்டி ஷெரிஃப் துறையோ பள்ளிக்கென்று ஒதுக்கிய காவலர் முதல் வகை. 'ஸ்கூல் ரிசோர்ஸ் ஆபீசர்' என்று பெயர், சுருக்கமாக எஸ்.ஆர்.ஓ. அவருடைய மேலதிகாரி காவல் துறையில் இருக்கிறார். பிரின்சிபலின் கீழ் அவர் வேலை பார்ப்பதில்லை. இரண்டாவது, பள்ளி மாவட்டமே சொந்தமாக நடத்தும் போலீஸ் துறையின் அதிகாரி. லாஸ் ஏஞ்சலிஸிலும் டெக்ஸாஸின் பல மாவட்டங்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. மூன்றாவது, கைது அதிகாரம் இல்லாத செக்யூரிட்டி கார்டு. பள்ளி ஊழியராக இருக்கலாம், தனியார் நிறுவன ஆளாகவும் இருக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று சட்டையும் ஒன்றுதான். பிரச்சினை என்று வந்தால் எந்த விதிப்புத்தகம், எங்கே புகார், யார் மீது வழக்கு என்பதெல்லாம் மாறிவிடும். ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவருக்குச் சம்பளம் தருவதும் உத்தரவிடுவதும் யார் என்பது.

இந்தப் பதவி 1950களில் மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரில் தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். பெரிய அளவில் பரவியது 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு. மத்திய நீதித் துறையின் 'காப்ஸ்' அலுவலகம் அடுத்த சில ஆண்டுகளில் 75 கோடி டாலருக்கு மேல் மானியம் கொடுத்து 6,000க்கும் அதிகமான பள்ளிக் காவலர்களை நியமிக்க உதவியது. துப்பாக்கியோடு வருகிறவனைத் தடுக்கத்தான் இவர்களை வைத்தார்கள். ஆனால் ஆண்டில் ஏறக்குறைய 180 பள்ளி நாள். பெரும்பாலான பள்ளிகளில் அந்த 180 நாளும் அப்படி ஒருவன் வருவதில்லை. வருவதெல்லாம் வராந்தாச் சண்டை, கெட்ட வார்த்தை, தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்ற பிடிவாதம். சும்மா நிற்கும் கைக்கு வேலை கொடுக்கும் பழக்கம் எல்லா நிறுவனத்திலும் உண்டு. பள்ளியிலும் அதுதான் நடந்தது.

எஸ்.ஆர்.ஓ.க்களின் தேசிய சங்கமான 'நாஸ்ரோ' 40 மணி நேர அடிப்படைப் பயிற்சி நடத்துகிறது. காவலர், கற்பிப்பவர், முறைசாரா ஆலோசகர் என்று வேலையை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது. பள்ளி ஒழுங்கு நடவடிக்கையில் காவலர் தலையிடக் கூடாது என்பதே அந்தச் சங்கத்தின் நிலைப்பாடு. காவலர்களின் சொந்தச் சங்கமே இப்படிச் சொல்கிறது என்பதைப் பள்ளிக் குழுக் கூட்டங்களில் எடுத்துச் சொல்ல மறக்க வேண்டாம்.

விதிமீறலும் குற்றமும்

தாமதமாக வருவது, போன் பார்ப்பது, எதிர்த்துப் பேசுவது, வகுப்பைவிட்டு எழ மறுப்பது: இவை விதிமீறல்கள். இவற்றுக்குப் பெற்றோரை அழைக்கலாம், வகுப்பு முடிந்தபின் உட்கார வைக்கலாம், சஸ்பெண்ட் செய்யலாம். அதற்கும் முறை உண்டு. 10 நாள் வரையிலான சஸ்பென்ஷனுக்கே, குற்றச்சாட்டு என்னவென்று மாணவருக்குச் சொல்லி அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1975இல் காஸ் எதிர் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வரும். சில மாநிலங்களில் அரசுப் பள்ளியில் பிரம்படி இன்னும் சட்டப்படி அனுமதிக்கப்படுகிறதே என்று கேட்பார்கள். உண்மைதான். 1977இல் இங்ரஹாம் எதிர் ரைட் வழக்கில், கொடூரமான தண்டனைக்கு எதிரான எட்டாவது திருத்தம் பள்ளிப் பிரம்படிக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த அனுமதி, மாநிலச் சட்டத்துக்கும் மாவட்ட விதிக்கும் உட்பட்டுப் பள்ளி ஊழியருக்குக் கொடுத்தது. காவலருக்கு அதில் பங்கு கிடையாது. போலீஸின் பலப்பிரயோகத்துக்குக் காரணங்கள் மிகக் குறைவு: சட்டப்படியான கைது, சட்டப்படி தடுத்து நிறுத்துவது, யாருக்காவது காயம் வராமல் தடுப்பது. 'புத்தி வர வேண்டும்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

கோடு இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் அழிகிறது? பல மாநிலங்களில் விதிமீறலையே குற்றமாக்கும் சட்டம் இருந்தது, சிலவற்றில் இன்னும் இருக்கிறது. தென் கரோலினாவின் 'பள்ளிக்கு இடையூறு' சட்டம் எந்த வகையிலாவது மாணவரையோ ஆசிரியரையோ தொந்தரவு செய்வதையும், அருவருப்பாக நடந்துகொள்வதையும் குற்றம் என்றது. 90 நாள் சிறை அல்லது 1,000 டாலர் வரை அபராதம். பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று அருவருப்பாக நடக்காத வாரம் உண்டா? ஸ்பிரிங் வேலி மாணவிகள் மீது பாய்ந்ததும் இதுதான். அந்த வழக்குகளை அரசு வழக்கறிஞர் 2016இல் கைவிட்டார். டெபுட்டி மீதும் குற்ற வழக்கு தொடரவில்லை. 2018இல் அந்தச் சட்டம் அந்தந்தப் பள்ளி மாணவர்களுக்குப் பொருந்தாதபடி திருத்தப்பட்டது. மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சில மாநிலங்களுக்கு ஒன்று என்று வட்டாரங்களாகப் பிரிந்திருக்கின்றன. 2023இல் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கென்னி எதிர் வில்சன் வழக்கில், பழைய சட்டம் எதைத் தடுக்கிறது என்பதே தெளிவில்லாத, அரசியலமைப்புக்கு முரணான சட்டம் என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. டெக்ஸாஸ் 2013இலேயே, சொந்தப் பள்ளியில் வகுப்பைக் குலைத்ததற்காக மாணவருக்குப் போலீஸ் டிக்கெட் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தியது.

நியூ மெக்சிகோவில் கதை வேறு விதமாக முடிந்தது. அல்புகர்க்கியில் 13 வயதுப் பையன் வகுப்பில் வேண்டுமென்றே ஏப்பம் விட்டுப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தான். கல்விப் பணிக்கு இடையூறு என்று பள்ளிக் காவலர் கைவிலங்கு மாட்டிச் சிறார் காப்பகத்துக்குக் கொண்டுபோனார். 2016இல் பத்தாவது வட்டார நீதிமன்றம் காவலருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. எதிர்த்து எழுதிய நீதிபதி நீல் கோர்சச், அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்.

நீதிமன்றம் எதை அளக்கிறது

போலீஸ் பலம் அளவு மீறியதா என்று பார்க்கும் அளவுகோல் 1989இன் கிரஹாம் எதிர் கானர் தீர்ப்பிலிருந்து வருகிறது. அந்த வழக்கின் பின்னணியே யோசிக்க வைக்கும். சர்க்கரை நோயாளி ஒருவர் ரத்தச் சர்க்கரை குறைந்து ஜூஸ் வாங்கக் கடைக்குள் ஓடினார். நீண்ட வரிசையைப் பார்த்து உடனே வெளியே ஓடிவந்தார். திருடன் என்று சந்தேகித்த போலீஸ் பிடித்ததில் அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. உடல்நிலையைத் திமிர் என்று படித்துவிடும் அதே பிழை பள்ளிகளில் அடிக்கடி நடக்கிறது.

தீர்ப்பு சொல்வது இது: அந்த இடத்தில் நிற்கும் நிதானமான ஓர் அதிகாரியின் கண்ணுக்கு அந்தப் பலம் நியாயமாகப் பட்டிருக்குமா என்று பார்க்க வேண்டும். அதிகாரியின் நல்லெண்ணமோ கெட்ட எண்ணமோ கணக்கில் வராது. முக்கியமாக மூன்று கேள்விகள். குற்றம் எவ்வளவு கடுமையானது? உடனடி ஆபத்து இருந்ததா? அந்த ஆள் முரண்டுபிடித்தாரா, தப்பி ஓடினாரா? பள்ளி வழக்குகளில் பல நீதிமன்றங்கள் இவற்றோடு பிள்ளையின் வயதையும் இடம் பள்ளி என்பதையும் சேர்த்துப் பார்க்கின்றன.

மேரிலாந்தில் நடந்த ஒரு வழக்கில் இந்தக் கேள்விகளைப் பொருத்திப் பார்க்கலாம். பள்ளிப் பேருந்தில் சண்டை போட்ட 10 வயதுச் சிறுமியை மூன்று நாள் கழித்துப் பள்ளி அலுவலக அறையில் விசாரித்தார் ஒரு டெபுட்டி. சிறுமியின் உயரம் 4 அடி 4 அங்குலம், எடை 95 பவுண்டு. அறையில் இன்னொரு டெபுட்டியும் பள்ளி நிர்வாகிகளும் இருந்தார்கள். அவள் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். டெபுட்டி பின்புறமாக விலங்கு மாட்டினார். இறுக்கமாக இல்லையே என்று இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட்டார். சிறுமி அழுது மன்னிப்புக் கேட்டாள். காயம் இல்லை. பயிற்சிக் கையேட்டின்படி விலங்கு மாட்டிய முறையில் குறையே சொல்ல முடியாது.

2018இல் நான்காவது வட்டார நீதிமன்றம் இது அளவு மீறிய பலம்தான் என்றது. குற்றம் சிறியது, மூன்று நாள் பழையது. ஆபத்து இல்லை. எதிர்ப்பும் இல்லை. மூன்று கேள்விக்கும் பதில் ஒரே திசையில் இருந்தால், எவ்வளவு மென்மையாக மாட்டினாலும் விலங்கு தவறுதான். புதிதாக இதைப் படிப்பவர்கள் சறுக்கும் இடம் இதுவே. 'அடிக்கவே இல்லையே' என்பது பதிலாகாது. சட்டத்தின் கண்ணில் விலங்கே பலம்.

அலபாமாவின் டஸ்கலூசா கவுன்டியில் 9 வயதுச் சிறுமி உடற்பயிற்சி வகுப்பில் பயிற்சியாளரை அடிப்பேன் என்கிற மாதிரி பேசிவிட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இன்னொரு பயிற்சியாளர் சொன்ன பிறகும், டெபுட்டி அவளை வெளியே அழைத்துப்போய், சட்டத்தை மீறினால் இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதற்காகக் குறைந்தது ஐந்து நிமிடம் விலங்கு மாட்டி வைத்தார். தண்டிப்பதுதான் நோக்கம் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. 2006இல் பதினோராவது வட்டார நீதிமன்றம் இது யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய தவறு என்று சொல்லி அவரைக் காப்பாற்ற மறுத்தது. பிறகு ஜூரி கொடுத்த பெயரளவு இழப்பீடு 1 டாலர். வெற்றி என்றால் கை நிறையப் பணம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனையும் போலீஸுக்கான அளவுகோல். அதே மாணவரை ஆசிரியரோ பிரின்சிபலோ பிடித்துத் தள்ளியிருந்தால் பல நீதிமன்றங்கள் வேறு சோதனையைப் பயன்படுத்துகின்றன: மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு மோசமா? அதைத் தாண்டி வழக்கை வெல்வது இன்னும் கடினம்.

கை, விலங்கு, ஸ்ப்ரே, டேசர்

வெறும் கையால் பிடிப்பதில் பெரிய ஆபத்து, குப்புறப் படுக்கவைத்து முதுகில் எடையை வைப்பது. நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் மூச்சுத் திணறும். திணறுகிற பிள்ளை காற்றுக்காகத் துள்ளும். பிடித்திருப்பவர் அதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்துவார். அடக்குபவருக்கும் அடங்குபவருக்கும் நடுவே ஓடும் இந்தச் சுழல்தான் உயிரைக் குடிப்பது. 'பேச முடிகிறதே, அப்படியானால் மூச்சும் விட முடியும்' என்ற நம்பிக்கை தவறு. ஓரிரு வார்த்தைக்குத் தேவையான காற்று வேறு, உயிர் தாங்கத் தேவையான காற்று வேறு. விலங்கு மாட்டியதும் உடனே ஒருக்களித்துப் புரட்டுவதோ உட்காரவைப்பதோ அடிப்படை விதி.

விலங்கில் இரண்டு சோதனைகள் உண்டு: விரல் நுழையும் இடைவெளி, இரட்டைப் பூட்டு. இரண்டாவது பூட்டைப் போடாவிட்டால் கையை அசைக்க அசைக்க வளையம் இறுகிக்கொண்டே போகும். மணிக்கட்டு நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போகும். சின்னப் பிள்ளைகளிடம் வேறு சிக்கல்: பெரியவர்களுக்கான வளையம் அவர்கள் மணிக்கட்டில் நிற்காது. கென்டக்கியின் கென்டன் கவுன்டியில் ஒரு டெபுட்டி இதற்குக் கண்டுபிடித்த வழி, முழங்கைக்கு மேலே புஜத்தில் பூட்டுவது. பின்புறமாக அப்படிப் பூட்டும்போது தோள் எவ்வளவு முறுக்கும் என்று உங்கள் கையை வைத்தே பார்க்கலாம். பூட்டப்பட்டவர்கள் 8 வயதுப் பையனும் 9 வயதுச் சிறுமியும். இருவருக்கும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு, அதாவது ஏ.டி.எச்.டி. 2017இல் மத்திய நீதிமன்றம் இதை அரசியலமைப்புக்கு விரோதமான பலம் என்றது. அடுத்த ஆண்டு 3.37 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. கருவி உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால் கருவியைக் கீழே வைப்பதுதான் வழி. உடம்பை வளைத்துக் கருவிக்குப் பொருத்தக் கூடாது.

பெப்பர் ஸ்ப்ரே வராந்தாவில் அடிக்கிறவர் நினைக்கிற ஆளோடு நிற்பதில்லை. மூடிய இடம், நூறு பிள்ளைகள், அதில் எத்தனையோ ஆஸ்துமாக்காரர்கள், ஒரே குழாயில் ஓடும் ஏசி காற்று. கண் எரிச்சல் அரைமணிக்கு மேலும் நீடிக்கும். உடனே செய்ய வேண்டியது வெளிக்காற்றுக்குக் கொண்டுபோவது, நிறையத் தண்ணீரால் கழுவுவது, மருந்து பட்ட துணியை மாற்றுவது. தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மிளகாய் எண்ணெய் பரவும். அலபாமாவின் பர்மிங்ஹாம் பள்ளிகள் பற்றிய வழக்கில் கீழ் நீதிமன்றம் 2015இல் காவலர்களைக் கடிந்துகொண்டதற்கு ஒரு காரணம், ஸ்ப்ரே பட்ட பிள்ளைகளைச் சரியாகக் கழுவாமல் அதே உடுப்பில் விட்டுவைத்தது. 2018இல் மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிவிட்டது. ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

டேசர் இரண்டு முட்களைக் கம்பியோடு எய்கிறது. ஒரு முறை அழுத்தினால் 5 நொடி மின்சாரம் ஓடும். தசை பூட்டிக்கொள்வதால் விழும்போது கையை ஊன்ற முடியாது. கான்கிரீட் தரையில் தலை நேராக மோதும். டேசர் காயங்களில் மிக மோசமானவை பல இப்படி விழுந்து வருபவை. 2013இல் டெக்ஸாஸின் பாஸ்ட்ராப் கவுன்டிப் பள்ளியில், சண்டையை விலக்கப் போன 17 வயது மாணவன் என்று குடும்பம் சொல்லும் ஒருவன் இப்படி விழுந்து மூளையில் காயம்பட்டு வாரக்கணக்கில் கோமாவில் கிடந்தான், 7.75 லட்சம் டாலருக்குச் சமரசம். 2011இல் நீதித் துறையின் காப்ஸ் அலுவலகமும் காவல் ஆய்வு மன்றமான 'பெர்ஃப்' அமைப்பும் வெளியிட்ட வழிகாட்டி, சின்னக் குழந்தைகள் மீது இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் மொத்தம் 15 நொடிக்கு மேல் போனால் ஆபத்து கூடும் என்றும் எச்சரித்தது. டெக்ஸாஸ் 2023இல், கடும் ஆபத்து இருந்தாலொழிய ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவதோ அவர்கள்மீது ஸ்ப்ரே, டேசர் பயன்படுத்துவதோ கூடாது என்று சட்டம் போட்டது.

தவறு, ஆனாலும் தப்பலாம்

மேரிலாந்து வழக்குக்குத் திரும்புவோம். நீதிமன்றம் தவறு என்றது. ஆனால் டெபுட்டி ஒரு காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 'குவாலிஃபைட் இம்யூனிட்டி' என்ற பாதுகாப்பு குறுக்கே வந்தது. அதிகாரி உரிமையை மீறினாலும், அந்தச் சூழலில் அது மீறல் என்று முன்னரே தெளிவாக நிலைநாட்டிய தீர்ப்பு இல்லாவிட்டால் அவர் தனிப்பட்ட முறையில் இழப்பீடு தர வேண்டியதில்லை. அமைதியாக உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளைக்கு விலங்கு மாட்டக் கூடாது என்று அந்த வட்டாரத்தில் அதுவரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆகவே தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பது வாதம். இனிமேல் அந்த வட்டாரத்தில் இந்தச் சாக்கு செல்லாது என்றும் நீதிபதிகள் சேர்த்தே எழுதினார்கள். முதல் பிள்ளை தோற்று அடுத்த பிள்ளைக்கு வழிவிடும் ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்.

வட்டாரத்துக்கு வட்டாரம் நிலைமை மாறும் என்பதையும் கவனியுங்கள். டெக்ஸாஸ், லூசியானா, மிசிசிப்பி அடங்கிய ஐந்தாவது வட்டாரத்தில் 2021இல் ஜே.டபிள்யூ. எதிர் பேலி வழக்கு வந்தது. சிறப்புக் கல்வி பெற்றுவந்த 17 வயது மாணவன் மனம் குழம்பிப் பள்ளியைவிட்டு வெளியேற முயன்றபோது பள்ளிப் போலீஸ் டேசரால் பலமுறை சுட்டார். பள்ளியில் நடக்கும் பலப்பிரயோகத்துக்கு, நியாயமற்ற கைதையும் சோதனையையும் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் பொருந்துமா என்பதே இங்கே தெளிவாகவில்லை என்று நீதிமன்றம் அதிகாரியை விடுவித்தது. ஒரே செயலுக்கு இரு மாநிலத்தில் இரண்டு முடிவு வரலாம்.

தனி அதிகாரி தப்பினாலும் கவுன்டியோ நகரமோ தப்ப வேண்டும் என்பதில்லை. இந்தப் பாதுகாப்பு அவற்றுக்குக் கிடையாது. அவற்றின் கொள்கையோ பழக்கமோ பயிற்சிக் குறையோ தான் காரணம் என்று காட்டினால் வழக்கு நிற்கும். கென்டன் கவுன்டி மாட்டியது அப்படித்தான்.

யார் மீது அதிகம் விழுகிறது

மத்தியக் கல்வித் துறையின் கணக்கெடுப்பில் 2017–18 பள்ளியாண்டில் பள்ளி தொடர்பான கைதுகள் 54,321; போலீஸிடம் அனுப்பியவை 2,29,470. மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 15 விழுக்காடு. கைதானவர்களில் அவர்கள் 31 விழுக்காட்டுக்கு மேல். சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் வருபவர்கள் மாணவர்களில் 13 விழுக்காடு. உடலைப் பிடித்துக் கட்டுப்படுத்தப்பட்டவர்களில் 80 விழுக்காடு.

இந்த 80 விழுக்காட்டுக்குப் பின்னால் ஒரு செயல்முறை இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தம் தாங்காமல் போகும்போது எழுந்து ஓடப் பார்க்கும். தொடுவதே அதற்கு வலி. காவலர் கட்டளையிடுகிறார், பதில் இல்லை. குரலை உயர்த்துகிறார், சத்தம் இன்னும் கூடுகிறது. கையைப் பிடிக்கிறார், பிள்ளை உதறுகிறது, அந்தக் கை அவர்மேல் படுகிறது. இப்போது 'அதிகாரியைத் தாக்கியது' என்று கடுங்குற்றம் பதிவாகிறது. இரண்டு நிமிடம் முன்பு அறையில் எந்தக் குற்றமும் இருந்ததில்லை. பிள்ளையின் தனிக்கல்வித் திட்டமான ஐ.இ.பி.யில் இதற்கெல்லாம் வழி எழுதியிருக்கும்: விளக்கை மங்கலாக்கு, மற்றவர்களை வெளியேற்று, இரண்டு கை தூரத்தில் நில், ஒரே ஆள் பேசு. அந்தத் தாள் சிறப்புக் கல்வி ஆசிரியரின் கோப்பில் இருக்கிறது. முதலில் ஓடிவரும் காவலர் கண்ணில் அது பட்டதே இல்லை.

ஒப்பந்தத்தைக் கேட்டுப் படியுங்கள்

பள்ளி மாவட்டத்துக்கும் காவல் துறைக்கும் நடுவே எழுத்துபூர்வ உடன்படிக்கை இருக்க வேண்டும், 'எம்.ஓ.யு.' என்பார்கள். பெரும்பாலும் பொது ஆவணம், கேட்டால் கிடைக்கும். படிக்கும்போது வீரவசனங்களைத் தாண்டிப் போய் இவற்றைத் தேடுங்கள்: எந்தெந்த நடத்தைக்குக் காவலரை அழைக்கவே கூடாது என்று பட்டியல் இருக்கிறதா, அழைக்க யாருக்கு அதிகாரம், எந்த ஆசிரியரும் அழைக்கலாமா, பிரின்சிபல் மட்டுமா, எத்தனை வயதுக்குக் கீழே விலங்கு கூடாது, பலம் பயன்படுத்திய அன்றே பெற்றோருக்குத் தகவல் போகுமா, ஆண்டு முடிவில் எண்ணிக்கை வெளியாகுமா. 'தேவைப்படும்போது காவலர் பள்ளி நிர்வாகத்துக்கு உதவுவார்' என்ற ஒரே வரி இருந்தால் அது கோட்டையே அழிக்கும் வரி. ஸ்பிரிங் வேலி மாதிரிச் சம்பவங்கள் நுழைவது அந்த ஓட்டை வழியாகத்தான்.

ஃபிலடெல்ஃபியா 2014இல் வேறு வழியில் போனது. அப்போது போலீஸ் துணை ஆணையராக இருந்த கெவின் பெத்தல் தொடங்கிய திட்டத்தில், முன்வழக்கு இல்லாத மாணவர் சிறு குற்றத்தில் சிக்கினால் கைது கிடையாது. சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போவார். பள்ளிக் கைதுகள் முதல் ஆண்டிலேயே பாதிக்கும் கீழே விழுந்தன. மினசோட்டாவின் அனுபவம் சட்டம் எழுதுவது எவ்வளவு சிக்கல் என்பதற்குச் சான்று. 2023இல் குப்புறக் கிடத்திப் பிடிப்பதற்கான தடையைப் பள்ளிக் காவலர்களுக்கும் விரித்தார்கள். எது தடை என்று தெளிவில்லை என்று சொல்லிப் பல காவல் துறைகள் ஆட்களையே திரும்ப அழைத்துக்கொண்டன. 2024 மார்ச்சில் காவலர்களுக்கு விலக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். ஃபுளோரிடா, ஆர்லாண்டோவில் 6 வயதுச் சிறுமியை விலங்கிட்டு அழைத்துப்போன 2019ஆம் ஆண்டுச் சம்பவத்துக்குப் பிறகு, வன்முறைக் கடுங்குற்றம் தவிர 7 வயதுக்குக் கீழ் கைதே கூடாது என்று 2021இல் விதித்தது. ஏழு வயது என்ற கோட்டைப் போடவே ஒரு சட்டம் தேவைப்பட்டது.

பிள்ளை மீது கை வைத்துவிட்டால்

அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், வலி இல்லை என்று பிள்ளை சொன்னாலும். மணிக்கட்டுச் சிவப்பு சில மணி நேரத்தில் மறைந்துவிடும். உள்காயத்தின் நீலம் மறுநாள் தெரியும். ஆகவே அன்றும் மறுநாளும் மூன்றாம் நாளும் படம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் வைத்து. பிள்ளை சொல்வதை இடைமறிக்காமல் ஒருமுறை கேட்டு, அதே வார்த்தைகளில் எழுதித் தேதி போடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் நினைவு கலங்கும்.

போலீஸ் மறுபடி விசாரிக்க வந்தால், வழக்கறிஞர் இல்லாமல் பேச மாட்டேன் என்று சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு. பள்ளி அறையில் மூடிய கதவுக்குப் பின்னால் நடந்த விசாரணை ஒன்றில், உரிமைகளைச் சொல்லாமலே 13 வயது மாணவனிடம் போலீஸ் வாக்குமூலம் வாங்கியது. 2011இல் ஜே.டி.பி. எதிர் வட கரோலினா வழக்கில் உச்ச நீதிமன்றம், 'எழுந்து போகலாம்' என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்குமா என்று பார்க்கும்போது வயதையும் எண்ண வேண்டும் என்றது.

பிள்ளைக்கு ஐ.இ.பி. இருந்து, பள்ளி 10 நாளுக்கு மேல் வெளியே நிறுத்த முடிவுசெய்தால், அந்த நடத்தை குறைபாட்டின் விளைவா என்று பார்க்கும் கூட்டத்தை 10 பள்ளி நாளுக்குள் நடத்தியாக வேண்டும். ஆனால் அந்தக் கூட்டம் பள்ளித் தண்டனையை மட்டுமே தடுக்கும். நீதிமன்றத்திலுள்ள குற்ற வழக்கு அதனால் நிற்காது. இரண்டும் தனித்தனி வண்டி, தனித்தனி ஓட்டுநர்.

காலக்கெடுக்கள் ஒன்றுபோல் இல்லை. கல்வித் துறையின் குடிமை உரிமைகள் பிரிவுக்குப் புகார் 180 நாளுக்குள். மாநிலச் சட்டப்படி அரசு அமைப்பின் மீது இழப்பீடு கேட்பதானால் முன்னறிவிப்பு கொடுக்க நியூயார்க்கில் 90 நாள், கலிஃபோர்னியாவில் 6 மாதம். மத்திய நீதிமன்ற வழக்குக்கு மாநிலத்தைப் பொறுத்துச் சில ஆண்டுகள். நிறைய நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எந்தக் கெடுவைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

எல்லாவற்றிலும் முந்திக்கொண்டு போவது வீடியோ. வராந்தாக் கேமரா பதிவுகள் பல இடங்களில் சில வாரத்தில் தானாக அழிந்து புதுப்பதிவு ஏறும். பள்ளி வைத்திருக்கும் பதிவை ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயன்படுத்தினால், மாணவர் ஆவணங்களுக்கான மத்தியச் சட்டப்படி அது பிள்ளையின் கல்வி ஆவணம். பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். பள்ளிப் போலீஸ் பிரிவு தன் வேலைக்காக உருவாக்கி வைத்திருக்கும் பதிவு அந்தச் சட்டத்தில் வராது. அதிகாரியின் உடல் கேமரா பதிவும் காவல் துறையிடம் இருக்கும், அதற்கு மாநிலப் பொது ஆவணச் சட்டத்தின்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே முதல் நாளே இரண்டு கடிதம், ஒன்று பள்ளி மாவட்டத்துக்கு, ஒன்று காவல் துறைக்கு. அதில் தேதி, நேரம், அறை எண், எந்தக் கேமராக்கள் என்று எழுதி, பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி கேளுங்கள். மின்னஞ்சலாக அனுப்புங்கள், போய்ச் சேர்ந்த நேரம் பதிவில் இருக்கும்.